எந்த வண்டி, அம்மா?

அன்புள்ள அம்மாவுக்கு,

தி.நகரிலிருந்து செந்தாமரை எழுதுவது. ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்குகிறதே தவிர, நான் சுகம். நீ சுகமா? இந்த முறை உண்மையைச் சொல்.

நேற்று மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் கார்டு குலாம் முகம்மது மாமாவைப் பார்த்தேன். கடைசிப் பெட்டியிலிருந்து நம் ஆட்டுக்கு வாழைப்பழத் தோல் வீசுவாரே, அவரேதான். மணி அடிக்கும் முன்பே ஆடு வந்து நின்றுவிடும். ஆட்டைப் பார்த்துத்தான் நீ ரயில்வே கேட்டை மூடுகிறாய் என்று ஊரே கேலி பேசும். “பெண்டாட்டிக்குப் பிரசவம், கேட்டைத் திற” என்று மாதாமாதம் கத்தும் பால்காரர் சடையாண்டியையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குமுன் மாமா கேட்டார்: “ஆமா, உங்கம்மாவுக்கு இன்னாமா ஆச்சு? பத்து நாளா வேற ஆளு கொடி காட்டிக்கினு கீறாரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா போன நாலாம் நாளே கேட்டில் கொடியோடு நின்றவள் நீ. முந்தாநாள்கூட, “வண்டி வருதுடி, வைக்கிறேன்” என்று போனை வைத்தாயே! எந்த வண்டி, அம்மா?

போனில் கேட்டால் மழுப்புவாய் என்றுதான் எழுதுகிறேன். என் பழைய போர்வையை வெயிலில் போட்டு வை. வேண்டாம், நீ எதையும் தூக்காதே.

கடை திறந்துவிட்டார்கள், ஓட வேண்டும். ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். நம் கேட்டைத் தாண்டும்போது கதவருகே நிற்பேன். கொடி யார் கையில் இருந்தாலும் சரி, நீ வாசலில் உட்கார்ந்து கையை மட்டும் காட்டு.

செந்தாமரை