தம்பியின் இடது கண்

மார்ச் 30, திங்கள்
காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு கேட்டுக்கு வெல்டிங். கை முழுக்கப் பொறி சுட்ட புள்ளிகள்.

பெரிய வெள்ளி சிலுவைப்பாதைக்கு வேண்டியவை: சாட்டைக்குச் சணல் கயிறு, சிவப்புச் சாயம், பழைய பக்கெட், அந்தோணி முதுகுக்குத் தேங்காய் எண்ணெய். அந்தோணி ஆட்டோ ஓட்டுகிறவன், எங்கள் பங்குக் கோயில் நாடகத்தில் அவன்தான் இயேசு. நான் பதினோரு வருடமாக அவரை அடிக்கும் சேவகன். மூஞ்சி பொருத்தமாம். சொன்னவன் பல்லை உடைக்கத் தோன்றியது.

தம்பி சேவியருக்கு மறுபடி போன். எடுக்கவில்லை. சாம்பல் புதனிலிருந்து இது ஏழாவது. ஒவ்வொரு தவக்காலத்திலும் கூப்பிட்டு, "மன்னிச்சிடுடா" என்று அழுவேன். "சரிண்ணா" என்பான். அந்தச் சரி போதும், ஈஸ்டர் வரை தூங்குவேன். இந்த வருடம் அதுவும் கிடையாது. போனைச் சுவரில் எறிந்தேன். கண்ணாடி விரிசல், பேச்சு கேட்கிறது.

மனைவி ரீட்டா: "நல்லா எறிங்க. அது மேலயாச்சும் கோவம் போகட்டும்."

மார்ச் 31, செவ்வாய்
ஒத்திகை. அந்தோணியை நிஜமாகவே அடித்துவிட்டேன்.

தூணில் கட்டியதும் திரும்பிச் சிரித்தான். அவ்வளவுதான். நாலு அடி. சாயம் தோய்க்காத கயிறு, அப்படியும் முதுகில் சிவப்பு. "யோவ் ஆரோக்கியம், நாடகம்யா இது!" என்று அலறினான். இருவர் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

அடிக்கும்போது எனக்குத் தெரிந்தது அவன் முதுகு இல்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ், சொந்த ஊரான ஹனூர் வீடு. என் புதுச் சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய் வந்தான் சேவியர். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பெல்ட்டைக் கழற்றினேன். சிரித்துக்கொண்டே திரும்பினான், பக்கிள் இடது கண்ணில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவனே சொன்னான், "வேலிக்கம்பி குத்திடுச்சுங்க." நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். அதுதான் அடியைவிடக் கேவலம்.

ஏப்ரல் 1, புதன்
பாவசங்கீர்த்தனம். ஃபாதர் கன்னடக்காரர், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். பழைய பாவத்தையே சொன்னேன்.

"போன வருஷம் சொல்லலையா?"

"சொன்னேன் ஃபாதர். அதுக்கு முந்தின வருஷமும்."

"அப்போ போன வருஷம் தேவர் மன்னிச்சது சும்மாவா? முகிதோய்த்து, ஆரோக்கியம். முடிஞ்சுது. தோண்டாதீங்க."

அடுத்த வருடம் என்னைத் தூணில் கட்டுங்கள், அடி நான் வாங்குகிறேன் என்றேன். ஃபாதர், "அந்த அடி ஒருத்தர் ஏற்கெனவே வாங்கியாச்சு. நீங்க பங்கு கேக்காதீங்க" என்றார்.

அபராதம்: 1 பரலோக மந்திரம், 3 அருள். ஒரு கண்ணுக்கு மூன்று அருள் நிறைந்த மந்திரம்! வெளியே வந்து கல்லை உதைத்தேன். நகம் பெயர்ந்துவிட்டது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்
ரத்தம் கட்டிய கால்விரலோடு வேலை. சாயங்காலப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவினார், என் பெயர் இல்லை, நல்லது.

ரீட்டா தன் போனில் சேவியரைக் கூப்பிட்டிருக்கிறாள். முதல் மணியிலேயே எடுத்தானாம்! என் நம்பர் என்றால்தான் எடுக்க மாட்டான்.

"நாளைக்கு வராராம்."

"எதுக்கு?"

"கேட்டேன். சிலுவைப்பாதை பாக்கன்னாரு."

அடிக்கத்தான் வருகிறான். வரட்டும். ஊர் பார்க்க என் கண்ணைத் தோண்டட்டும், கை தூக்க மாட்டேன். நினைக்கவே நிம்மதியாக இருக்கிறது. நாளை உபவாசம். கயிறு நனைத்தாயிற்று.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி
நடந்ததை நடந்தபடி.

தெருவில் நல்ல கூட்டம். அந்தோணியைத் தூணில் கட்டினேன். சாட்டையை ஓங்கினேன். முன்வரிசையில் சேவியர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். இடது பக்கம் வெறும் தையல். ஓங்கிய கை அப்படியே நின்றது. சாயம் சொட்டி என் தலையெல்லாம் சிவப்பு. கூட்டம் முணுமுணுத்தது. "என்னாச்சு ஆரோக்கியம், அடிங்க" என்றான் அந்தோணி பல்லிடுக்கில்.

அப்போது சேவியர், எல்லோருக்கும் கேட்கும்படி: "அடிண்ணா. வெயில் ஏறுது."

சிலர் சிரித்தார்கள். அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன். இந்த வருடம் நடிப்பு பிரமாதம் என்று இரண்டு பேர் கைகொடுத்தார்கள், நாசமாய்ப் போக.

பிறகு கோயில் மதிலோரம் கஞ்சி. அவன் வலது பக்கம் உட்கார்ந்தேன். ஏண்டா போன் எடுக்கவில்லை என்றேன்.

"பயந்துக்கிட்டுத்தாண்ணா. நானு அந்தக் கண்ண அன்னைக்கே உட்டுட்டேன். நீதான் வருசம் தவறாம போனப் போட்டு அழுவற. நீ அழுவறப்பல்லாம் அந்த பக்கிள் மறுக்கா வந்து உழுவுது. எனக்குக் கண்ணு போனது ஒருக்காத்தான். நீ முப்பது தடவ எடுத்துப்போட்ட."

மன்னிப்புக் கேட்கிறேன் என்று இத்தனை வருடம் இவனை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்!

"ஊறுகா இருக்குதா?" என்றான். எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 4, சனி
கயிற்றைக் கழுவினேன். மூன்று தண்ணீர், சாயம் முழுதாகப் போகவில்லை. அந்தோணிக்கு எண்ணெய் தடவிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரே தடவை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று சேவியர் காலையிலேயே கிளம்பினான். பஸ் ஸ்டாண்டு வரை அவன் இடது பக்கமாகவே நடந்தேன், ஸ்கூட்டர்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் நகர்ந்தது. பழக்கம், மன்னிப்புக்கு என் வாய் திறந்துவிட்டது. அவன் முகம் இறுகியதைப் பார்த்தேன்.

"ஊர்ல மழையாடா?" என்றேன்.

"மூணு நாளா மோடம் போட்டிருக்குதுண்ணா. பேஞ்சா போன் பண்றேன்."