பதினெட்டு வெள்ளிக்கிழமை

நேற்று பக்கத்து வீட்டுப் பெண் மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போய்வந்து, குங்குமம் ஒட்டிய எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் வைத்தாள். அந்த வாசனை பட்டதுமே நீ வந்து எதிரில் நின்றாய். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் உன்னோடு சண்டை முடியவில்லை எனக்கு.

நாம் பழகியது குழந்தைகள் ஆஸ்பத்திரியில். இருவருக்கும் போலியோ, இருவருக்கும் இடது கால். அம்மாக்கள் நம்மை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்பத்தூரில் பஸ் ஏறுவார்கள். அங்கே நர்சுகளுக்கெல்லாம் நம் பெயர் தெரியும். பதினெட்டு வயது முடிந்ததும், "இனிமே பெரியவங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள். எண்பத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை.

போனோம். அங்கே ஒரு டாக்டர் நம் பாவாடையை முட்டிக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சுற்றி நின்ற மாணவர்களுக்கு நம் கால்களைக் காட்டிப் பாடம் நடத்தினார். நம்மிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நீதான் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். "செத்தாலும் அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுடி. நீயுந்தான், நானுந்தான்."

நான் மிதிக்கவில்லை.

பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில் அருகருகே உட்கார்ந்து வேலை பார்த்தோம். செவ்வாய்தோறும் நீ அரைநாள் லீவு போட்டாய். "மாங்காட்டுக்கு ஆறு வாரம் வேண்டிக்கினு கீறேன்" என்றாய். ஆறு முடிந்து இன்னொரு ஆறு. நானும் வருகிறேன் என்றால், "வேண்டுதல்னா தனியாத்தான் போவணும். நீ வெள்ளிக்கிழம போ" என்றாய். சில மாதத்தில் வளைந்திருந்த உன் முட்டி நிமிர்ந்தது. தொடையில் கை ஊன்றாமல் கேன்டீன் வரை நடந்தாய். கம்பெனியே வாயைப் பிளந்தது. "எல்லாம் அவ செயல்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாய்.

நம்பினேன். பதினெட்டு வெள்ளிக்கிழமை, பூந்தமல்லியில் பஸ் மாறி, கூட்டத்தில் இடிபட்டு, வரிசையில் ஒற்றைக் காலில் நின்றேன். என் முட்டி இன்னும் மடங்கியதுதான் மிச்சம். அழுதுகொண்டு உன்னிடம் சொன்னபோது, "உனக்கு நம்பிக்க பத்தலடி" என்றாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் என்னிடம் பொய் சொல்லவில்லை.

மஞ்சள் காமாலையில் நீ போனபோது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். அடுத்த வருஷம் படியேற முடியாமல் போய், சத்தியத்தை மீறி அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா என் காலை நீட்டிப் பார்த்து, "இறுகிப்போச்சேம்மா. அஞ்சாறு வருஷம் முன்னாடி வந்திருந்தா நிமித்தியிருக்கலாம்" என்றார். சீட்டில் அம்பத்தூர் என்று பார்த்ததும் உன் பேரைச் சொல்லி விசாரித்தார். செவ்வாய்க்கிழமை தவறவே மாட்டாயாம். நீ இல்லை என்று சொன்னேன். பாவம், கண்கலங்கிவிட்டார்.

"அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு, அவளுக்கும் இதே கால். கூட்டினு வாடின்னு எத்தினி தபா சொன்னேன்! கல்யாணம் ஆயி வெளியூர் போயிட்டான்னுட்டா."

எனக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை. உன் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஏன்டி? சத்தியத்தை உடைத்த வெட்கமா? இல்லை, உனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வர ஒருத்தி வேண்டியிருந்ததா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

"அந்தப் பொண்ண உனக்குத் தெரியுமாம்மா?" என்று அவர் கேட்டார். நான்தான் அது என்று வாய்வரை வந்தது. "தெரியும். வேலூர்ப் பக்கம் நல்லா கீறா" என்று சொல்லிவிட்டேன். இருக்கிற காலையாவது காப்பாற்றிக்கொள்ள இப்போது செவ்வாய்தோறும் போகிறேன். அவரும் மறக்காமல் அந்த வேலூர்ச் சிநேகிதியை விசாரிக்கிறார். நானும் ஏதாவது சொல்லி வைக்கிறேன். போன வாரம் அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது.