சட்டையில் தடவிய சிமெண்ட்

வியாழன், இரவு

யார் கையில் இந்த டைரி கிடைத்தாலும் அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள். தெரிந்தால் அண்ணனை வீட்டை விட்டே துரத்திவிடுவார்.

பெரம்பலூரில் அண்ணன் வேலை பார்ப்பது மீம் போடும் கம்பெனியில். அந்த ஆபீஸை டிவி நிகழ்ச்சிக்காகப் படம் பிடிக்கிறார்கள். திங்களன்று பள்ளி விட்டு நானும் போனேன். என் காலரில் மைக்கை மாட்டி, "வூட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்கள்.

"அண்ணன் அரியலூர் சிமெண்ட் ஆலைக்குப் போவுதுன்னு அப்பாவுக்கு நெனப்பு. தெனம் சட்டையில சிமெண்ட தடவிக்கிட்டுதான் வூட்டுக்கு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். "அத வெட்டிடுங்க சார்" என்று அண்ணன் கெஞ்சினான்.

"இதுதாம்ப்பா எபிசோடே!" என்றார் டைரக்டர்.

இன்று அதன் முன்னோட்டம் போடுகிறார்கள். கூடத்தில் அப்பா டிவி பார்க்கிறார். சத்தம் நின்றுவிட்டது. கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, அண்ணன் சட்டைய எடுத்துக்கிட்டு வெளிய வா."