காவலின்றி நீட்டப்பட்ட காலாள்

நலம் நிலைக்க. ஏழு குன்றுகளை ஒரு குடைக்கீழ் வைத்தவரும், கேட்ட கடனும் கேளாத கொடையும் தந்தவருமான பொன்வாயில் அரசர் மாவண்கோ அவர்களின் திருவடிக்கு, நீர்மலைக் கோட்டையில் தங்கியிருக்கும் தூதன் மாநாகன் தரையில் நெற்றி வைத்து விடுக்கும் ஓலை. பொன்வாயிலின் ஊரும் ஏரியும் குறைவின்றி இருக்க.

சதுரங்கத்தில் வென்றால் நம் வில்லாளிகள் நாற்பதின்மரையும் விடுவதாக நீர்மலை அரசர் செருவேள் சொன்னதும், தோற்றால் அவர்கள் கல்குழிக்குள் இறக்கப்படுவார்கள் என்பதும் அரசர் அறிந்தவை. நகர்வு ஒன்றுக்கு ஏழு நாள். ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் முரசு மூன்று முறை முழங்கும். மூன்றாம் முழக்கத்துக்குள் காய் நகராவிட்டால் ஆட்டம் தோல்வி. நம் காய் அரசரின் ஓலை வராமல் நகரலாகாது என்பது தூதன் புறப்பட்ட நாளில் பெற்ற ஆணை.

இரு பக்கமும் அரசனுக்கு முன்நின்ற காலாள் இரண்டு கட்டம் சென்றபின், செருவேள் அதன் பக்கத்துக் காலாளைக் காவலின்றி நம் காலாளின் வாய்க்கே கொண்டுவந்து வைத்தார். தூதன் அதை உண்ணாமல் அரசரின் சொல்லுக்கு ஆளனுப்பியதைக் கண்டு, பொன்வாயிலில் சோறு உண்ணவும் ஓலை வரவேண்டுமோ என்று வினவினார். அவை சிரித்தது. முற்றத்தில் கயிற்றோடு நின்ற நாற்பதின்மர் சிரிக்கவில்லை. அவர்கள் பலகையைப் பார்ப்பதில்லை. தூதனின் கையைப் பார்க்கிறார்கள்.

தூதன் விடுதித் தரையில் கட்டம் கீறி, புளியங்கொட்டைகளை வைத்து ஆறு நாளும் ஆடிப் பார்த்தான். பதினோரு முறை அந்தக் காலாளை உண்டான். பதினோரு முறையும், அது நின்ற வழி திறந்து தேர் வந்தது, குதிரை வந்தது. நம் அரசன் இருந்த இடத்திலேயே மடிந்தான். உண்ணாமல் அடைத்து நின்றபோதும் அதே முடிவு, சற்றுத் தாமதமாக. நம் மந்திரிக்கு முன்நின்ற காலாளை இரண்டு கட்டம் தள்ளி, அதையே அவருக்கு இரையாக நீட்டியபோது மட்டும் பலகை நம் பக்கமும் மூச்சுவிட்டது.

ஏழாம் நாள் இரண்டாம் முழக்கம் எழுந்தபோது, தூதன் அனுப்பிய ஓட்டன் தாழன் அரசரின் ஓலையோடு அவைக்குள் வந்தான். முத்திரையை உடைக்க நேரம் இருந்தது. தூதன் உடைக்கவில்லை. எதிரி நீட்டியதைப் பொன்வாயில் மறுப்பதில்லை என்று அரசர் பலகாலும் சொல்லக் கேட்டவன் அவன். அந்த நாற்பதின்மரும் காவலின்றி விடப்பட்ட கோட்டைக்குள் அச்சொல்லைக் கேட்டு நுழைந்து சிறைப்பட்டவர்களே. இதை எழுதும்போது எழுத்தாணி ஓலையைக் கிழித்தது, பொறுத்தருள்க.

ஓலையை மடியில் செருகிக்கொண்டு, மந்திரியின் காலாளைத் தள்ளினான். செருவேள் வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை மறந்தார். அது அச்சமோ, அடக்கிய சிரிப்போ, தூதனுக்குத் தெரியாது. அன்றுமுதல் கூடத்தில் காலடி கேட்டால், நீர்மலையின் காவலனோ பொன்வாயிலின் கொலைஞனோ என்று எண்ணுகிறான். இருவரில் தன் அரசரின் ஆளுக்கே அதிகம் அஞ்சுகிறான்.

அரசரின் ஓலை, முத்திரை உடையாமல், இத்துடன் திரும்பி வருகிறது. அதில் இருப்பது இந்நகர்வே ஆயின், அவையறிய உடைத்தருள்க. வேறாயின் உடைக்காமல் தீயில் இடுக. அரசரின் ஆணை மீறப்பட்டதென்று எவரும் அறியார். தூதனின் தலையை ஆட்டம் முடிந்தபின் கொள்க. இடையில் கொண்டால் முரசுக்குமுன் காய் நகர்த்த இங்கு ஆள் இல்லை.

தாழன் இவ்விரண்டு ஓலைகளையும் அரசரின் கையிலன்றி வேறெவர் கையிலும் கொடுக்கலாகாது. இது தூதனின் ஆணை.

அரக்கில் முத்திரை இருமுறை விழுந்து கோணியிருக்கும். ஐயுற வேண்டா. கை மாநாகனுடையதே.