பீடத்தில் வைக்காத படம்

நவம்பர் 1, இரவு. மல்கிரேவ்.

மருமகள் லூசியா இன்று ஹோலில் பீடம் சோடித்தாள். மெக்சிக்கோவில் இந்த நாட்களில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். ஸ்பிரிங்வேலில் வாங்கிய செவ்வந்தியைப் பிய்த்து, வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவர்களுக்கு வழி போட்டாள். மெழுகுதிரி, இனிப்புப் பாண், அவளுடைய தகப்பனின் படம். எல்லாம் வடிவாகத்தான் இருந்தது, பக்கத்தில் என் மனுசனின் படத்தைக் காணும் வரைக்கும்.

நான் அதை எடுத்துவிட்டேன். அவள் பயந்துபோனாள்.

“அவளில பிழை இல்லை, அம்மா. நான்தான் படத்தைக் குடுத்தனான்,” என்றான் மகன் ஜூட். “எத்தினை வருசமாச்சுது.”

“வருசம் போனா ஆள் செத்திடுமோ?”

சண்டைக் காலத்தில் மன்னாரில் ஆமி பிடித்துக்கொண்டு போன என் மனுசனின் உடலை எனக்கு ஒருவரும் காட்டவில்லை. கோயிலில் மரித்தோர் பூசைக்கு நான் அவருடைய பெயரைக் கொடுத்ததே இல்லை. அவருடைய சுகத்துக்குத்தான் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். நாளைக்கு மரித்தோர் திருநாளிலும் அப்படித்தான். பெற்ற பிள்ளை நம்பாவிட்டால் போகட்டும்.

படம் திரும்பவும் ரீவிக்குப் பக்கத்தில், எங்கள் எல்லாருடைய படங்களோடும் இருக்கிறது.

லூசியா தும்புத்தடியோடு வந்து பூவைக் கூட்டப் போனாள். நான் தடுத்தேன்.

“கிடக்கட்டும், பிள்ளை. உன்ர அப்பா வரட்டும்.”

நாடு விட்டு வந்த பிறகு எடுத்த இந்த வீடு என் மனுசனுக்கும் தெரியாது. உயிரோடு வருகிறவருக்கும் வழி வேண்டும்.