நாலு வெள்ளாடும் ஒரு சட்டி சீம்பாலும்

அக்கா,

இன்று காலை மருமகள் ஒரு மங்குக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சுங்கை லாலாங்கில் அவள் அண்ணன் வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறதாம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பால். மெர்கோங்கில் மகன் வீட்டுக் கூடமே மணத்தது. எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் நம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றது, சம்பளமும் நின்றது. உங்கள் வீட்டுக்காரரையும் என் வீட்டுக்காரரையும் ஒரே லாரியில் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிப் போனார்கள். லயத்தில் நாம் அடுத்தடுத்த கதவு. என்னிடம் ஒரு பசு, உங்களிடம் நாலு வெள்ளாடு. ரப்பர் மரம் வெட்டிய இடத்தில் இருவரும் சேர்ந்து மரவள்ளி நட்டோம். சாணியும் புழுக்கையும் கிழங்குக்குப் போயின. கிழங்குத் தோலைக் காயவைத்து மாட்டுக்குப் போட்டோம். மலாய்க்காரர் கிராமமான ஆற்றங்கரைக் கம்பத்தில் பாலைக் கொடுத்து அரிசி வாங்கி வந்தோம்.

"கெழங்கு வயித்துக்கு, பாலு அரிசிக்கு, ஆடு ஆபத்துக்கு" என்பீர்கள். ஆட்டை மட்டும் விற்கவே மாட்டீர்கள். "அவரு எந்தக் கோலத்துல திரும்பி வருவாரோ. மருந்துக்கு வேணும்டி."

பசு கன்று போட்டதும் அதை லாலாங் புல்லுக்குள் மறைத்துக் கட்டினோம். "இந்த வாட்டி யாருக்கும் சீம்பால் குடுக்காத. வாசனை போற எடத்துக்கு வாயும் போகும்" என்றீர்கள். நான் கேட்டேனா? லயத்துக்குப் பங்கு வைக்காமல் சீம்பாலைத் தின்றால் மாட்டுக்கு மடி வற்றிவிடும் என்று கேட்டு வளர்ந்தவள். பெரிய தர்மப்பிரபு மாதிரி பத்து வீட்டுக்கும் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் சிப்பாய்கள் வந்து நின்றார்கள். கன்று போட்ட மாடு எங்கே என்று கூட வந்த தமிழாள் கேட்டான். நான் கைப்பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றேன். நீங்கள் நாலு ஆட்டையும் ஒரே கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

"மாடு செத்துப்போச்சுங்க ஐயா. இதப் புடிச்சிக்கிட்டுப் போங்க."

உங்கள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. நீங்கள் நகரவில்லை. ஆடுகள் லாரியில் ஏறின.

ஆறு மாதம் கழித்து உங்கள் வீட்டுக்காரர் சயாமிலிருந்து தப்பி வந்தார். காலெல்லாம் புண், உடம்பெல்லாம் எலும்பு. பீடோங் டவுன் கடையில் மருந்து இருந்தது. ஜப்பான் நோட்டு வேண்டாம், ஆடு இருந்தால் கொண்டு வா என்றானாம் கடைக்காரன். நான் ஓடிப்போய்ப் பசுவின் கயிற்றை அவிழ்த்தேன். நீங்கள் பிடுங்கித் திரும்பவும் கட்டினீர்கள்.

"செத்த மாடு எப்படிடி டவுனுக்கு நடந்து போவும்? வழியிலயே புடிச்சிருவான். ஒம்புள்ள என்னத்தக் குடிக்கும்?"

ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். கடைசியாக அவர் தொண்டையில் இறங்கியது என் மாட்டுப் பால்தான். அதைச் சொல்லி ஆறுதல்பட எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை.

அடுத்த ஈற்றில் நான் கதவைச் சாத்திக்கொண்டு சீம்பால் காய்ச்சினேன். நீங்கள் உள்ளே வந்து சட்டியை வாங்கிக்கொண்டீர்கள். "குடுத்தது தப்பில்லடி. புடுங்குனவன் பண்ணுனதுதான் தப்பு" என்று சொல்லி, பத்து வாசலுக்கும் நீங்களே கொண்டு போனீர்கள். நம்மைக் காட்டிக்கொடுத்த வாய் எதுவென்று தெரியாமலே அந்த வாய்க்கும் சேர்த்து ஊற்றினீர்கள்.

அந்தப் பாலில் பிழைத்த பிள்ளையின் வீட்டில்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வா என்றேன். "ஒரு மங்குதான் இருக்கு லா, அத்த" என்று சிரித்தாள் மருமகள். ஆளுக்கு ஒரு கரண்டி போதும் என்று அனுப்பிவைத்தேன்.

என் பங்கு மூடியபடியே இருக்கிறது. வாயில் வைக்க முடியவில்லை. நீங்கள் ஒரே ஒரு தரம் என்னைத் திட்டியிருக்கலாம், அக்கா.