பதினாலாம் எண் வீட்டுச் சுவர்

டப்ளின்,
9 நவம்பர் 1966

அன்பு மகன் ஃபின்டனுக்கு அம்மா எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் கை கால் முழுசாக இருக்கிறேன். எப்போதும் எழுதுகிற வரிதான், இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். நீயும் மருமகளும் பெர்த் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும். உறையின் பின்னால் உன் ஊனா சித்தியின் விலாசத்தைப் பார்த்துப் பதறாதே, முழுக்கப் படி.

பக்கத்து வீட்டை இடித்துவிட்டார்கள், நம் வின்னி கீலி குடியிருந்த பதினாலாம் எண்தான். ஜனவரியில் அவள் இறந்து போன பிறகு குடிவர ஆளில்லை, கூரையும் ஒழுகியது. இருநூறு வருஷம் நின்ற வீடு பதினைந்தே நாளில் மண்ணாகப் போயிற்று. வாசற்கதவுக்கு மேல் விசிறி மாதிரி விரிந்திருந்த கண்ணாடியை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் உடைத்துவிட்டார்கள் பாவிகள். இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவரை மட்டும் மூன்று உத்தரத்தால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் வின்னி குளிர்காய்ந்த முதல் மாடிக் கணப்பு அந்தரத்தில் தொங்கியது, சுற்றிலும் அவள் ஒட்டிய பச்சைச் சுவர்க்காகிதம், கீழே தரையே கிடையாது, படிக்கட்டு ஏறிப்போன தடம் மட்டும் சுவரில் சாய்வாகத் தெரிந்தது. இந்த வரிசை வீடுகள் குடித்துவிட்டுத் தோளோடு தோள் சாய்ந்து வருகிறவர்கள் மாதிரி, நடுவில் ஒருத்தனை உருவினால் மற்றவன் விழுவான் என்று உன் அப்பா சொல்வாரே. நம் வீட்டில் குடியிருந்த மற்றவர்கள் எல்லாரும் காலி செய்துவிட்டார்கள், நீயும் பெர்த்துக்கு வா வா என்று எழுதினாய், நான்தான் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். காரணம் சொல்கிறேன்.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் நான் கணப்பைக் கிளறும் கம்பியால் அதன் பின்பக்க இரும்புத் தகட்டில் இரண்டு தட்டுவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் கணப்பும் என் கணப்பும் சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டியிருப்பதால் அவளும் இரண்டு தட்டுவாள். நலமா, நலம். விடாமல் தட்டினால் உடனே வா என்று பொருள். வீட்டை இடித்து முடித்த வாரம் கைப்பழக்கத்தில் இரண்டு தட்டிவிட்டேன். பதில் வந்தது. இரண்டு. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். வெறும் காற்றுதான் அந்தப் பக்கம். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் தினம் தட்டினேன். இடிக்கிற ஆட்களின் மேஸ்திரி கிறிஸ்டி பாய்லனிடம் சொன்னதற்கு, "புகைக்கூண்டுக்குள்ள சுண்ணாம்பு உதிருதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்தான். சுண்ணாம்புக்கு எப்படா ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சுது என்றேன், அவன் சிரிப்பு நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊனா கேலி செய்தாள்.

மகனே, உன்னிடம் ஒன்றை மறைத்தேன். வின்னி தூக்கத்தில் போனாள் என்று எழுதியது பொய். அன்று மாலை அவள் விடாமல் தட்டினாள். அதற்கு முன் இரண்டு தடவை அப்படித் தட்டி, நான் மூச்சிரைக்க அவள் மாடி ஏறிப் போனால், "வந்துட்டியாடி! காலு இன்னும் ஓடுதான்னு பாத்தேன்" என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தவள். அன்று என் முட்டை அடுப்பில் இருந்தது. தட்டட்டும் கிழவி என்று உட்கார்ந்தேன். காலையில் கணப்புக் கல் மேல் கையில் கம்பியோடு கிடந்தாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, கோயில் மணி இன்னும் அடிக்கவில்லை, நான் கம்பியைத் தொடவும் இல்லை, சுவருக்குள் தட்டுச் சத்தம் தொடங்கியது. நிற்கவே இல்லை. முட்டை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல், வந்துட்டேன்டி வின்னி என்று கத்திக்கொண்டே படியிறங்கித் தெருவுக்கு ஓடினேன். அவள் வாசலுக்குத் திரும்பினால் வாசல் எங்கே இருக்கிறது, மண்மேடுதான். அப்போது பின்னால் ஓர் இடி இடித்தது. முட்டு நழுவிப் பொதுச்சுவர் என் அறைக்குள் சரிந்துவிட்டது. என் நாற்காலியை மறுநாள் தோண்டி எடுத்தார்கள், துண்டு துண்டாக. கிறிஸ்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

ஊனா வீடு தனி வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் வேலிச்செடிதான். ஆறு மணியானால் கை கம்பியைத் தேடுகிறது. டிக்கெட் அனுப்பு, வருகிறேன். ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். வின்னி பெயரில் ஒரு பூசை வைக்கச் சொல், மறக்காதே. உன் சுவரை யாராவது தட்டினால், விளையாட்டு என்று தெரிந்தாலும் எழுந்து போ. அன்று நான் போகாதிருந்தும், சுவர் சரியும் முன் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

உன் அம்மா,
டெலியா ஹானிகன்